கனிந்த கரியும் மூடிய அறையும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும் குடும்பங்கள் பல. டிசம்பர், சனவரி மாதங்களில் உதகையில் சில இரவுகளில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசை நெருங்கிவிடும். புல்வெளிகளில் உறைபனி படியும். சமவெளியிலிருந்து செல்லும் நமக்கு இந்தக் குளிர் பழக்கமில்லாதது. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, இரும்புச் சட்டியில் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கலாம் என்று தோன்றும். மாலையில் வெளியே மூட்டிய பார்பெக்யூ அடுப்பில் மிஞ்சிய தணலை, ‘வீணாகப் போவானேன்?’ என்று உள்ளே எடுத்து வருவோரும் உண்டு.

இவ்வாறு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்னும் செய்தி மலை ஊர்களிலிருந்தும் வட இந்திய நகரங்களிலிருந்தும் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. உடலில் தீக்காயம் இராது. அறையில் புகையும் இராது. அப்படியானால் உயிரைப் பறித்தது எது? கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவே.

புகை இல்லாத நெருப்பு

கரியைப் பற்ற வைத்தவுடன் புகையும். சிறிது நேரத்தில் புகை அடங்கி, கரி செக்கச்செவேலெனக் கனியும். ‘புகை நின்றுவிட்டது, இனி உள்ளே கொண்டு போகலாம்’ என்று நாம் நினைப்பது இப்போதுதான். ஆனால் தணலுக்குள் நடப்பதைக் கவனியுங்கள்.

சட்டியின் அடிப்பக்கமாக நுழையும் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடு உண்டாகிறது. அது மேலே உள்ள கனிந்த கரித்துண்டுகளின் ஊடே செல்லும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் இன்னொரு கார்பன் அணுவைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாக மாறுகிறது. தணலின் மேற்பரப்பில் போதிய வெப்பமும் காற்றும் இருந்தால் இந்த வாயு எரிந்துபோகும். கரி அடுப்பின்மீது சிறு நீலச் சுவாலைகள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த வாயு எரியும் சுவாலைகளே. தணல் சாம்பல் பூத்து மெல்லக் கனன்றுகொண்டிருக்கும்போது நீலச் சுவாலை இராது. வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் வந்து சேரும்.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. புகை சூழ்ந்தால் கண் எரியும், இருமல் வரும்; உறங்குபவரும் விழித்துக்கொண்டு ஓடிவிடுவார். இந்த வாயுவோ உறங்குபவரை எழுப்புவதில்லை.

ஒரு சிறு கணக்கு

நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 36 கன மீட்டர், அதாவது 36,000 லிட்டர். காற்றில் நூற்றுக்கு 0.08 பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்தால், முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றும். இரண்டு மணி நேரத்துக்குள் நினைவு தப்பிவிடும். நம் அறைக்கு இது எத்தனை லிட்டர்? சுமார் 29 லிட்டர்தான். 12 கிராம் கார்பனிலிருந்து சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 24 லிட்டர் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். ஆகவே 15 கிராம் கார்பன் இவ்வாறு மாறினாலே போதும். அரைக்கிலோ கரியில் இது நூற்றுக்கு மூன்று பங்கு! கதவிடுக்கு வழியே கொஞ்சம் வாயு வெளியேறும் என்பது உண்மையே. ஆனால் குளிருக்கு அஞ்சி அந்த இடுக்கையும் நாமே துணியால் அடைத்து விடுகிறோமே!

இரத்தத்தில் நடப்பது

நம் இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள் நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் சென்று இறக்குகிறது. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் கார்பன் மோனாக்சைடு அதனோடு ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும் பயணிகள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கு இடம் கிடைப்பதில்லை. மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கும். கருவுற்ற பெண்கள், குழந்தைகள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மலையில் மற்றொரு சிக்கலும் உண்டு. உதகை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதிலும் பங்கு போனால் என்னாவது?

சில தவறான எண்ணங்கள்

‘ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் நச்சுக்காற்றை அது இழுத்துக்கொள்ளும்’ என்பர். கார்பன் மோனாக்சைடு நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். வாளி நீரால் பயனில்லை.

‘இந்த வாயு தரையில் தங்கும், கட்டில்மேல் படுத்தால் போதும்’ என்பர். இதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியதே. மேலே, கீழே என்றில்லாமல் அறை முழுதும் கலந்துவிடும்.

இன்று பல வீடுகளில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. இந்த ஆபத்தில் அதை நம்பக்கூடாது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி இரத்தத்தின் நிறத்தைக் கொண்டே கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் நல்ல சிவப்பாகவே இருப்பதால், உயிருக்குப் போராடுபவரின் விரலிலும் கருவி ‘98’ என்று காட்டக்கூடும்.

அறிகுறியும் முதலுதவியும்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி இவையே அறிகுறிகள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த களைப்பு என்று இவற்றை எளிதில் தள்ளிவிடுவோம். ஓர் அறையில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்தால், வெளியே வந்ததும் குறைந்தால், ஐயமே வேண்டாம்.

உடனே கதவு சன்னல்களைத் திறந்து அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். காப்பாற்றச் செல்பவரும் உள்ளே அதிக நேரம் நிற்கக்கூடாது. 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். ‘மூடிய அறையில் கரி எரிந்தது’ என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும்.

வீட்டிலும் கவனம்

ஊருக்குச் செல்லாதவர்களும் இதைக் கருத வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் கீசர், மூடிய கொட்டகையில் ஓடவிட்ட கார், வீட்டுக்குள் வைத்த ஜெனரேட்டர் ஆகியவை இதே வாயுவை வெளியிடும். கீசரின் புகைபோக்கி கட்டடத்துக்கு வெளியே திறந்திருக்க வேண்டும். புகைபோக்கி அடைபட்டாலும் கேடுதான். புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலா 1902-இல் பாரிசில் தம் படுக்கையறையில் இறந்தது, கணப்பின் வாயு வெளியேறாமல் அறையிலேயே தங்கியதால்தான்.

குளிருக்கு என்ன செய்வது?

நம் உடலே ஓர் அடுப்பு. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் 80 வாட் அளவில் வெப்பத்தை வெளியிடுகிறது. அதை வெளியேறாமல் காத்தால் போதும். தடித்த ஒரு கம்பளியைவிட மெல்லிய இரண்டு, இடையில் காற்றைச் சிறைப்படுத்துவதால், பல சமயம் நன்றாகவே காக்கும். தரையில் படுப்பவர் அடியிலும் ஒரு கம்பளி விரிக்க வேண்டும். காதை மூடுங்கள், காலுறை அணியுங்கள். இறுக மூடிய ரப்பர்ப் பையில் ஒரு லிட்டர் வெந்நீரை ஊற்றித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தால், 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிர்வதற்குள் அது 30 கிலோ கலோரி வெப்பம் தரும்.

நெருப்புக் காய விருப்பமா? வெளியில் திறந்த இடத்தில், எல்லாரும் கூடி உட்கார்ந்து காயுங்கள். எழும்போது தணலில் நீரூற்றி முழுதும் அணைத்துவிட்டு வாருங்கள். விடுதிப் பணியாளர் அன்போடு கணப்புச் சட்டியைக் கொண்டுவந்தாலும், ‘வேண்டாம், இன்னொரு கம்பளி கொடுங்கள்’ என்று கேளுங்கள். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டால், மாணவ நண்பர்களே, நீலச் சுவாலையின் கதையை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.