பௌர்ணமி உண்டு, கிரிவலம் இல்லை: 2021 மே மாதத் திருவண்ணாமலை ஊரடங்கில் மனம் தளராமல், நேர்த்தியாக வீட்டில் இருப்பது எப்படி?

‘பாசிட்டிவ்’ என்று யாராவது சொன்னாலே 2021 மே மாதத்தில் நெஞ்சு பக்கென்றது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் அதே வீட்டுக்குத்தான் ‘பாசிட்டிவா இருங்க’ என்ற வாட்ஸ்அப் மெசேஜும் நாளுக்கு நாலு முறை வந்து விழுந்தது.

தமிழ்நாட்டில் 2021 மே 24 முதல் தளர்வுகள் இல்லாத முழு ஊரடங்கு அமலில் இருந்தது. மளிகை, காய்கறிக் கடைகள் மூடப்பட்டு, காய்கறியும் பழமும் வண்டிகளில் தெருவுக்கே வந்தன. இதற்கிடையில் மே 26 வைகாசி பௌர்ணமி வந்தது. வழக்கமான வருடமாக இருந்தால் வெளியூர் பஸ்களும் ஆட்டோக்களும் ஊரை நிறைத்திருக்கும்; 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த முறை இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

இப்படி ஒரு ஊரில், நாலு சுவருக்குள் மனம் தளராமல் இருப்பது எப்படி? அதிலும் கையில் காசு குறைந்த நேரத்தில் ‘நேர்த்தியான வாழ்க்கை’ என்று பேசுவதில் அர்த்தம் இருக்கிறதா?

திருவண்ணாமலைக்கு ஊரடங்கு ஏன் கூடுதல் சுமை?

இது கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஊர். பூ கட்டுபவர், தேங்காய்–பழக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், இளநீர் விற்பவர், லாட்ஜில் வேலை செய்பவர் என எல்லோருக்கும் பௌர்ணமிதான் மாத வருமானத்தின் பெரும்பகுதி.

2020 மார்ச்சில் கோயில்கள் மூடப்பட்டன. செப்டம்பர் 1-ம் தேதி பக்தர்களுக்குத் திறந்தபோதும் கிரிவலத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 29-ல் மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்டது. மக்கள் டிவியிலும் அவரவர் மொட்டைமாடியில் இருந்தும்தான் பார்த்தார்கள். 2021-ல் இரண்டாம் அலையில், ஏப்ரல் 26 முதல் மீண்டும் கோயில்கள் மூடப்பட்டன.

மாவட்டத்தின் கூத்துக் கலைஞர்கள் நிலையும் அப்போது இதேதான். செய்யாறு பக்கத்தில் உள்ள புரிசை கிராமம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராகத் திருவிழாவும் பாரதக் கூத்தும் நடக்கும் காலம். 2020, 2021 என இரண்டு வருடமும் அந்த சீசன் கைவிட்டுப் போனது.

ஆகவே, ‘கவலைப்படாதீங்க’ என்று சொல்வது மட்டும் உதவாது. முதலில் வயிற்றுப்பாடு. அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கு அறிவிக்கப்பட்ட 4,000 ரூபாயில் முதல் தவணை 2,000 ரூபாய் 2021 மே மாதம் ரேஷன் கடைகளில் வழங்கப்பட்டது. அறநிலையத் துறைக் கோயில்கள் மூலம் மாநிலம் முழுவதும் நாளொன்றுக்கு 1 லட்சம் உணவுப் பொட்டலங்கள் வழங்கும் திட்டமும் அப்போது நடந்தது. கிரிவலப் பாதையில் அன்னதானத்தை நம்பி இருக்கும் சாதுக்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. தெருவில் அடுப்பு எரியாத வீடு இருந்தால், இந்தத் தகவலைச் சொல்வதே ஒரு உதவியாக இருந்தது.

அன்று ஊரைக் காலி செய்தார்கள். கொரோனா காலத்தில் ஏன் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள்?

தொற்றுநோய் திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. 1905-ல் இங்கு பிளேக் பரவியபோது மக்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அப்போது விரூபாட்ச குகையில் இருந்த ரமண மகரிஷியும் ஊருக்கு வெளியே பச்சையம்மன் கோயிலுக்குப் போய் சுமார் 6 மாதம் தங்கினார்.

அன்று வீட்டைவிட்டு ஓடியதற்குக் காரணம் உண்டு. பிளேக் கிருமியைச் சுமப்பது எலியும் அதன் மேலுள்ள தெள்ளுப்பூச்சியும். அவை வீட்டுக்குள்தான் குடியிருக்கும். அதனால் வீட்டைக் காலி செய்தால் ஆபத்து குறையும். கொரோனா அப்படியல்ல. மனிதரின் மூச்சிலிருந்து மனிதருக்குப் போகிறது. ஆகவே கூட்டத்திலிருந்து விலகி இருப்பதே பாதுகாப்பு.

அதே நேரம், வீட்டுக்குள் இருந்தால் போதும் என்று கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்காரவும் கூடாது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே 20-ம் தேதி வெளியிட்ட அறிவுரையில், பெரிய நீர்த்துளிகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடும் என்றும், நுண்துகள்கள் காற்றில் 10 மீட்டர் வரை போகலாம் என்றும் கூறப்பட்டுள்ளது. காற்று வந்து போக வழி இருந்தால் வைரஸின் அடர்த்தி குறையும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கத்திரி வெயிலில் புழுக்கம் குறையவும் அதுதான் வழி.

‘ரமணர் குகையிலேயே இருந்தாரே, நம்மால வீட்ல இருக்க முடியாதா?’

ஊரடங்கு நாட்களில் இந்த ஊரில் அடிக்கடி கேட்ட பேச்சு இது. ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் வாழ்ந்தார் என்பது உண்மை. ஆனால் அது அவராகத் தேர்ந்தெடுத்த வாழ்க்கை. மலையில் நடக்கலாம், பார்க்க வருபவர்களோடு இருக்கலாம். ஒரே அறை வாடகை வீட்டில் ஐந்து பேர், ஆன்லைன் வகுப்புக்கு ஒரே ஒரு செல்போன், மாதம் முடிந்தால் வாடகை என்று இருக்கும் குடும்பத்தை அதோடு ஒப்பிட முடியாது.

தனிமையைவிட, ‘எதுவும் நம் கையில் இல்லை’ என்ற உணர்வுதான் பலரை அதிகம் வாட்டியது. ஊரடங்கு எப்போது முடியும் என்பது நம் கையில் இருக்கவில்லை. காலை எத்தனை மணிக்கு எழுவது, வாசலைப் பெருக்குவது, யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. மன உறுதியைத் திரும்பப் பிடிக்க இந்தச் சின்ன விஷயங்களே நல்ல தொடக்கம்.

தினசரி ஒழுங்கு ஏன் முக்கியம்?

ஊரடங்கின்போது அண்ணாமலையார் கோயிலில் பக்தர்கள் இல்லை என்பதற்காக ஆறு கால பூஜை நிற்கவில்லை. பார்க்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, நேரத்துக்கு மணி அடிக்கிறது. வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நம் உடலுக்குள் சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதை தினமும் சரிசெய்வது காலை வெளிச்சம். இரவு 2 மணி வரை செல்போன், காலை 10 மணி வரை தூக்கம் என்று போனால் அந்தக் கடிகாரம் குழம்பும். தூக்கம் கெட்டால் எரிச்சல், எரிச்சல் வந்தால் வீட்டில் சண்டை. எழும் நேரத்தை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை மெல்ல வழிக்கு வரும். எழுந்ததும் கொஞ்ச நேரம் வாசலிலோ மாடியிலோ வெளிச்சத்தில் நில்லுங்கள்.

நேர்த்தி என்றால் காசு செலவா?

இல்லவே இல்லை. நேர்த்தி என்பது இருப்பதை ஒழுங்காக வைத்துக்கொள்வது.

- யாரும் வரப்போவதில்லை என்றாலும் வாசல் தெளித்து ஒரு சின்னக் கோலம்.
- படுத்து எழுந்த பாயைச் சுருட்டி, அதன் இடத்தில் வைப்பது. வந்தவாசி கோரைப்பாய் என்றால் கோடைக்கு உடம்புக்கும் குளிர்ச்சி.
- நைட்டி, லுங்கியிலேயே நாளைக் கழிக்காமல் குளித்து, துவைத்த உடை மாற்றுவது.
- கேழ்வரகுக் கூழோ, மோர் சாதமோ, எல்லோரும் ஒருவேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. அந்த நேரத்தில் டிவி, செல்போன் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பாத்திரமும் துணியும் இரண்டு மடங்காகும். அந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தால், அது நேர்த்தி அல்ல. அவர்களுக்கு இன்னொரு ஷிப்ட். கோலம் அம்மா போட்டால் பெருக்குவது மகன், சமையல் மனைவி என்றால் பாத்திரம் கணவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாதி மன உளைச்சல் இதிலேயே குறையும்.

கிரிவலம் போக முடியாத நாட்களில் என்ன செய்யலாம்?

மாதம் தவறாமல் சுற்றியவர்களுக்கு இது வெறும் நடைப்பயிற்சி நின்றுபோனது அல்ல. ஒரு வேண்டுதல் பாதியில் நிற்பது போன்ற தவிப்பு. ‘யாருக்கும் தெரியாம ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்’ என்ற எண்ணம் வரும். வேண்டாம். ஒருவர் போவதைப் பார்த்துப் பத்துப் பேர் கிளம்புவார்கள். தடையின் நோக்கமே அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதாகத்தான் இருந்தது.

நகரின் பல மொட்டைமாடிகளில் இருந்தே மலை தெரியும். ஒரு சுற்று 20 மீட்டர் வரும் மாடி என்றால், முழு கிரிவலத் தூரத்துக்கு 700 சுற்று ஆகும். அவ்வளவு தேவையில்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தாலே கணக்கு சரியாகிவிடும். மாடி இல்லாதவர்கள் கூடத்திலேயே நடக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்போ, சாய்ந்த பிறகோ நடப்பது நல்லது. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு மெதுவாகத் தொடங்க வேண்டும்.

செய்திகளை எவ்வளவு பார்க்கலாம்?

ஒரு செய்தித் தளத்தில் இதைப் படிப்பது விநோதமாக இருக்கலாம். ஆனால் கவலையைத் தூண்டும் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நம்பகமான தகவலைப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பலி எண்ணிக்கையை மணிக்கொரு முறை பார்ப்பதால் அது குறையப்போவதில்லை. குடும்ப குரூப்பில் வரும் வைத்தியக் குறிப்பை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதற்குப் பதில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு போன் செய்யுங்கள். ‘சாப்டீங்களா பெரியப்பா?’ என்ற ஒரு வார்த்தை, நூறு குட்மார்னிங் படங்களைவிட மேல்.

எவ்வளவு முயன்றும் பாசிட்டிவாக இருக்க முடியவில்லை என்றால்?

அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வேலை போனவர், நெருங்கியவரைப் பறிகொடுத்து இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியாதவர் சிரித்த முகமாக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அழுகை வந்தால் அழட்டும். பக்கத்தில் இருப்பவர் அறிவுரை சொல்லாமல் கேட்டாலே போதும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் அது வெறும் சோர்வல்ல. மருத்துவ உதவி தேவை. 104 என்ற சுகாதார உதவி எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டும். அவரைத் தனியாக விடக் கூடாது.

வீடு எல்லோருக்கும் பாதுகாப்பான இடமும் அல்ல. முதல் ஊரடங்கின்போதே குடும்ப வன்முறைப் புகார்கள் அதிகரித்ததாக தேசிய மகளிர் ஆணையம் தெரிவித்தது. பெண்கள் 181, குழந்தைகள் 1098 எண்களை அழைக்கலாம்.

வீட்டுத் தனிமையில் இருக்கும் தொற்றாளர்களுக்கு: ஆக்ஸிமீட்டரில் அளவு 94 அல்லது அதற்குக் கீழ் காட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மலை அங்கேயேதான் இருக்கிறது. பாதை திறக்கும் நாளில் அதைச் சுற்றிவர வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே அப்போதைய வேண்டுதல். அந்த வைகாசி பௌர்ணமிக்கு நிலவை மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.