டைனமோ மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய நம்ம தோட்ட வேன் ஒன்று இரவில் பாலாவிச் சந்தியில் நின்றுபோனது. கைப்பிள்ளைகளோடு விடியும்வரை ரோட்டிலே. "டைனமோ போச்சு" என்று கடன்பட்டுப் புதிதாகப் பூட்டினார்கள். கோளாறு தீரவில்லை. கடைசியில் பார்த்தால் பெட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது! கற்பிட்டிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. உப்புக்காற்று வயரைச் சும்மா விடாது.

ஆகவே முதலில் முனைகளைச் சுத்தம் பண்ணுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கா என்றும் பாருங்கள். பிறகு மீட்டர் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் டைனமோவைக் கழற்றும் பேச்சு.

வீட்டில் கழற்றுகிற பிள்ளைகள் பெட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுத்துவிட வேண்டும். சாவியை நிறுத்தினாலும் டைனமோவின் தடித்த வயரில் கரண்ட் இருக்கும். ஸ்பானர் பொடியில் பட்டால் பொறி பறக்கும், வயரே எரியும். பெல்ட் ஓடும் வழியைக் கடதாசியில் வரைந்து வையுங்கள். பல வேளை உள்ளே கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் செலவு குறைவு. புதிது வாங்குவதென்றால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

சிலர் எஞ்சின் ஓடும்போதே பெட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பார்கள். நல்ல டைனமோவும் அதில் எரிந்துபோகும்.