கல்யாணச் சான்றிதழ் இல்லாமலே குடும்பமா? தெரியுமா உங்களுக்கு!

அடுக்கமோ பெருமாள்மலையோ கொடைக்கானலோ, மலைக்காரர்கள் ஐகோர்ட் படியேற வேண்டுமென்றால் இறங்க வேண்டியது மதுரைக்குத்தான். தன்பாலின உறவுகள், திருநங்கையர் திருமணம் பற்றிய சட்டத்தின் இரண்டு பெரிய திருப்பங்கள் அதே மதுரையில் தொடங்கியவை. தெரியுமா?

திருநங்கையும் மணமகளே!
2018 அக்டோபரில் தூத்துக்குடி கோயில் ஒன்றில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணம். பதிவு செய்யப் போனால் பதிவாளர் கைவிரித்துவிட்டார். வழக்கு ஐகோர்ட் மதுரைக் கிளைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்யுங்கள் என்று 2019 ஏப்ரல் 22-இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதோடு விட்டாரா? ஊடுபால் (இன்டர்செக்ஸ்) குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை கூடாது என்றும் சொன்னார். அதே ஆண்டு அரசாணை போட்டு, அதைத் தடை செய்த முதல் இந்திய மாநிலமானது தமிழ்நாடு!

பாடம் கேட்ட நீதிபதி!
மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது; பாதுகாப்புக் கேட்டு இருவரும் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? ‘எனக்கே இதில் தெளிவு போதாது’ என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7-இல் உத்தரவு. பாலின ஈர்ப்பை ‘மாற்றிக்காட்டுகிறோம்’ என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்கு அதில் தடை விழுந்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தன்பாலின ஈர்ப்பினரையும் திருநங்கையரையும் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தார்கள்!

நாடு முழுக்க என்ன நிலை?
1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து, வயதுவந்தோரின் சம்மத உறவை 2018 செப்டம்பர் 6-இல் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. ஆனால் திருமணம்? 2023 அக்டோபர் 17-இல் ஐந்து நீதிபதிகளுமே அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. பார்லிமென்ட்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடி. பக்கத்து நேபாளத்திலோ 2023 நவம்பரிலேயே ஒரு தன்பாலினத் திருமணம் பதிவாகிவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது. இலங்கையில் இன்னமும் அதைப் போன்ற பழைய தண்டனைப் பிரிவு நீங்கவில்லை!

சரி, கையில் கிடைப்பது என்ன?
அடுக்கத்தில் ஒரே வீட்டில் வாழும் இரு பெண்கள் கொடைக்கானலில் ஒரு பேங்குக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் பெயரிலும் ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கலாம். படிவத்தில் ‘நாமினி’ என்ற கட்டத்தில் ஒருத்தி மற்றவளின் பெயரை எழுதலாம். தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. ரேஷன் கார்டிலும் இணையரை ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது!

கடைசி ஆச்சரியம்!
வேலூர்ப் பக்கம் ஓர் இளம்பெண்ணை, துணைவியிடமிருந்து பிரித்து வீட்டில் அடைத்துவைத்தார்கள். ஆட்கொணர்வு வழக்கில் 2025 மே மாதம் சென்னை ஐகோர்ட் அவரை விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, மனம் தேர்ந்த உறவும் குடும்பமே என்றது தீர்ப்பு. எழுதிய இருவரில் ஒருவர் யார் தெரியுமா? தூத்துக்குடித் திருமணத்தைப் பதியச் சொன்ன அதே ஜி.ஆர்.சுவாமிநாதன்!

ஆக, சான்றிதழ் இன்னும் இல்லை, பாதுகாப்பு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது!