பாட்டுப் பெட்டிக்குப் புது டிஸ்க்

தார்நாகாவில் நம்மவர் வீடுகள் பலவற்றில், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஐபாட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. "பாட்டு நின்றுவிட்டது, தூக்கிப் போடலாமா?" என்று அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வேண்டாம். பாட்டரியோ ஹார்டு டிஸ்கோ கெட்டிருக்கும், இரண்டையும் மாற்றலாம். டிஸ்கை மாற்றும் விதத்தை இங்கே சொல்கிறேன்.

2001-ல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட முதல் ஐபாடில் 5 ஜிகாபைட் டிஸ்க் இருந்தது. என்னிடம் இருப்பது 2005-ஆம் ஆண்டு மாடல், 30 ஜிகாபைட். அதன் தட்டு நிமிடத்துக்கு 4,200 சுற்று சுழல்கிறது. படிக்கும் முனை, தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் தட்டின் மேல் மிதக்கிறது. சுழலும் பொருள் எதுவும் ஒரு நாள் தேயும். ரயில் பெட்டியின் பேரிங் கெடும்போது அச்சு சூடேறி எச்சரிக்கை தருகிறதல்லவா? அதுபோல இந்த டிஸ்கும் பல சமயம் 'டிக், டிக்' என்று சத்தம் கொடுக்கும்.

சத்தம் கேட்டதும் பெட்டியைத் திறக்க அவசரப்பட வேண்டாம். முதலில் பிரதி எடுங்கள். என் ஐபாடில், காலஞ்சென்ற என் தாயார் பாடிய தாலாட்டு இருக்கிறது. 2007-ல் கேசட்டிலிருந்து ஏற்றியது. கேசட் பூசணம் பிடித்துப் போயிற்று. டிஸ்க் விலைக்குக் கிடைக்கும், அந்தக் குரல் கிடைக்குமா?

ஐட்யூன்ஸில் ஐபாடை டிஸ்காகப் பயன்படுத்தும் வசதியை இயக்குங்கள். கம்ப்யூட்டரில் மறைந்துள்ள கோப்புகளைக் காட்டச் செய்தால் 'ஐபாட் கண்ட்ரோல்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மியூசிக்' ஃபோல்டரில் பாட்டுகள் இருக்கும். கோப்புகளின் பெயர்கள் நான்கெழுத்துக் குழப்பமாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஏற்றும்போது கொடுத்த தலைப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. சிறு சிறு பகுதியாகப் பிரதி எடுங்கள். நடுவில் டிஸ்க் நின்றாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும்.

பிறகு ஹோல்டு பொத்தானைப் பூட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் மூடியைத் திறக்கலாம். மூடியோடு இரண்டு மெல்லிய ரிப்பன்கள் ஒட்டியிருக்கும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. டிஸ்கின் ரிப்பனைப் பிடித்திருக்கும் சிறு தாழ்ப்பாளைத் தூக்கி, டிஸ்கை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மெமரி கார்டு பொருத்திய அடாப்டரை வைக்கலாம். கார்டு சிகந்தராபாத் செனாய் டிரேட் சென்டரில் கிடைக்கும். அடாப்டரை இணையத்தில் தருவிக்கலாம். மூடியபின் ஐட்யூன்ஸில் 'ரீஸ்டோர்' கொடுத்து, பாட்டுகளைத் திரும்ப ஏற்றுங்கள்.

கார்டில் சுழலும் பாகம் இல்லை. பாட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் கார்டு கெடும்போது சத்தம் கொடுக்காது. ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும், வெளியூரில் உள்ள பிள்ளையிடம் ஒரு பிரதியும் அவசியம் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பேரக்குழந்தைகள் கொள்ளுப்பாட்டியின் தமிழைக் கேட்க நமக்கு வேறு வழி இல்லை.