ஒரு சொல்லில் விடை

வெஸ்ட் ஈலிங்கில் நாங்கள் சிலர் உதைபந்தாட்டம் பார்க்கக் கூடும்போதெல்லாம், இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் ஒருவரையொருவர் கேள்வி கேட்பது வழக்கம். விளையாட்டும் வரலாறும் கலந்த கேள்விகள். ஒரு சொல்லில் விடை இருக்க வேண்டும் என்பதே ஒரே விதி. இந்த விதி குறித்துச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு நல்ல கேள்வி. சுதந்திர இந்தியா ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் போட்ட முதல் கோல் யாருடையது? சாரங்கபாணி ராமனுடையது. 1948 யூலை 31இல் பிரான்சுக்கு எதிராக அடித்தார். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 எனத் தோற்றது. ஆட்டம் நடந்தது இன்று எம்மவர் பலர் வாழும் இல்பேட்டில். நாளாந்தம் கடந்துபோகும் ஓர் ஊரை வேறு கண்ணால் பார்க்க வைக்கிறது இக்கேள்வி.

அடுத்தது, விடை பிழைத்துப்போன கேள்வி. 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு இந்தியா ஏன் போகவில்லை? 'வெறுங்காலுடன் ஆடத் தடை' என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆனால் அணித் தெரிவில் இழுபறி, பயிற்சிக்குக் காலம் போதாமை, ஒலிம்பிக்கே பெரிதென்ற எண்ணம் எனப் பல காரணங்கள் இருந்தன. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்தியர் பலர் வெறுங்காலுடனேயே ஆடினர். பல காரணங்களை ஒரு சொல்லுக்குள் அடைக்க முயலும்போது, சுவையான காரணமே எஞ்சுகிறது.

மூன்றாவது கேள்வி எங்கள் கூட்டத்தையே குழப்பியது. யாழ்ப்பாணத்தின் விளையாட்டரங்கு யாருடைய பெயரைத் தாங்கியுள்ளது? அல்பிரட் துரையப்பா. எல்லோருக்கும் தெரிந்த விடை. ஒருவர் மட்டும் விடாமல், "அவரைக் கொன்றது யார், ஏன்?" என்றார். அறை அமைதியாயிற்று.

மேயராக இருந்த துரையப்பா 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1978இல் விடுதலைப் புலிகள் அதற்கு உரிமை கோரினர். 1974இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் நேர்ந்த மரணங்களுக்கு அவரும் பொறுப்பு எனப் பலர் நம்பினர். அதே அரங்கில் 1999இல் திருத்த வேலையின்போது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2016இல் இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு மீளத் திறக்கப்பட்டது.

"விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவராதேயும்" என்றார் நண்பர் ஒருவர். பந்து உருளும் இடத்தின் பெயரே அரசியலாக இருக்கையில், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவரைத் துரோகி என்பவரும், அக்கொலையையே எமது அழிவின் தொடக்கம் என்பவரும் அன்று ஒரே வாங்கில்தான் இருந்தனர். இருவருக்கும் ஒரு சொல் போதுமாக இருந்தது என்பதே என் கவலை. எலும்புக்கூடுகளைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

ஆகவே விதியைச் சற்று மாற்றும்படி கேட்டேன். விடை சொல்பவருக்கு ஒரு புள்ளி. அதற்குப் பின்னால் 'ஏன்' என்று கேட்பவருக்கு இரண்டு. இன்னும் முடிவாகவில்லை. அன்று இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரமாகியும் ஒருவரும் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை.