மேஜை மேலே போடி ரெயில்!

சாப்பாட்டு மேஜை ஒன்றின் மீது போடிநாயக்கனூர் ரெயில் நிலையத்தை வைக்க முடியுமா?

முடியும்! பிளாட்பாரம் வைக்கலாம். டிக்கெட் கொடுக்கும் அறை வைக்கலாம். பின்னால் மேற்கு மலையையும் நிறுத்தலாம். வண்டி வெறுமனே நிற்காது, ஓடும். என்ஜின் முன்னே போகும், நிற்கும், பின்னே வரும்.

குட்டி ரெயில்களைச் சேர்ப்பதும், பாதை போட்டு அவற்றை ஓட்டுவதும் உலகம் முழுவதும் பரவியுள்ள பொழுதுபோக்கு. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பேரன், பேத்தி எடுத்தவர்கள் கூட ராத்திரி கண் விழித்து இந்த வேலையைச் செய்கிறார்கள்.

தேனிப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனி அக்கறை இருக்க வேண்டும். ஏன் என்றால், நமது பழைய ரெயில் இப்போது இல்லை. இனி வரவும் வராது.

நின்று போன வண்டி

மதுரையில் இருந்து போடிக்கு 1928-ம் ஆண்டு ரெயில் வந்தது. தூரம் 90 கி.மீ. அது மீட்டர் கேஜ் பாதை. அதாவது, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி.

இரண்டாவது உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில் மறுபடியும் பாதை போட்டார்கள். மறுபடியும் வண்டி ஓடியது. உசிலம்பட்டியைத் தாண்டி, ஆண்டிப்பட்டி மலையில் பாறையை வெட்டிய பள்ளத்தின் வழியாகப் புகுந்து, தேனி வந்து, மலை அடிவாரத்தில் போடியில் போய் நிற்கும். அதற்கு மேல் பாதை கிடையாது. கம்பத்துக்கு அன்றும் ரெயில் இல்லை, இன்றும் இல்லை.

31-12-2010 அன்று மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடியது. அகலப் பாதை போடும் வேலைக்காக நிறுத்தினார்கள்.

வேலை சீக்கிரம் முடியவில்லை. 2020-ல் தான் புதிய பாதை உசிலம்பட்டியை எட்டியது. 2022-ம் ஆண்டு மே மாதம் தேனிக்கு ரெயில் வந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் போடிக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011-ல் தேனியில் பிறந்த குழந்தை, தன் ஊர் ஸ்டேஷனில் ரெயிலைப் பார்க்கும் போது அதற்கு 11 வயது!

அகலப் பாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போடியில் ஏறினால் சென்னையில் இறங்கலாம் என்பது சின்ன விஷயமா? ஆனால் பழைய வண்டி எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் எதைக் காட்டுவது?

என் வீட்டில் அந்தக் கேள்வி வந்தது. "அந்தச் சின்ன ரெயில் எப்படிப்பா இருக்கும்?" என்று என் மகன் கேட்டான். காட்டுவதற்கு ஒரு போட்டோ கூட என்னிடம் இல்லை. கடைசி வண்டி ஓடிய அன்று நான் போகவும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய ரெயில்

என் முதல் ரெயிலை வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவில் தாத்தா வாங்கித் தந்தார். சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றும். பொரி கடலையோடு அதையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் உள்ளே இருந்த சுருள் கம்பி அறுந்து போயிற்று. அழுதேன். பிறகு அதைக் கையால் தள்ளியே ஒரு வருஷம் ஓட்டினேன்.

இந்தப் பொழுதுபோக்கும் அப்படிப்பட்ட சாவி ரெயிலில் இருந்து வளர்ந்ததுதான். ஜெர்மனியில் மெர்க்லின் என்ற பொம்மைக் கம்பெனி 1891-ம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் ஒரு ரெயிலைக் கொண்டுவந்து வைத்தது. அதில் என்ன புதுமை? தண்டவாளத்துக்கு ஓர் அளவை நிர்ணயம் செய்திருந்தார்கள். இந்த வருஷம் ஒரு பெட்டி வாங்கலாம். அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி வாங்கலாம். இரண்டும் ஒரே பாதையில் ஓடும். சேர்க்கும் ஆசை அங்கேதான் பிறந்தது.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி, 'மெக்கானோ' என்னும் பொம்மையைச் செய்து பேர் வாங்கியவர். துளை போட்ட தகடுகளைத் திருகாணியால் முடுக்கிப் பாலம், கிரேன் எல்லாம் செய்யலாம். அவர் 1920-ல் சாவி ரெயில்களை விற்க ஆரம்பித்தார். ஹார்ன்பி என்ற பெயரில் இன்றும் ரெயில்கள் வருகின்றன.

இப்போது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு குட்டி உலகமே இருக்கிறது. 2001-ல் திறந்தார்கள். அங்கே உள்ள தண்டவாளங்களை நேராக நீட்டினால் 15 கி.மீ.க்கு மேல் போகும். போடியில் இருந்து தேனி வரை ரெயில் பாதை அவ்வளவு தூரம்தான்!

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட இடம் ஒன்று உண்டு. மராட்டிய மாநிலம் புனே நகரில், கோத்ருட் பகுதியில் இருக்கிறது. பாவு சாகேப் ஜோஷி என்பவர் சிறு வயது முதல் ரெயில் பித்துப் பிடித்தவர். தொழில் நடத்திச் சம்பாதித்தார். சம்பாதித்ததைக் குட்டி ரெயில்களில் போட்டார். அவர் அமைத்த குட்டி ரெயில் அருங்காட்சியகம் 1998-ல் திறக்கப்பட்டது. விளக்கை அணைத்தால் குட்டி ஊரின் தெருவிளக்குகள் எரியும். ரெயில்கள் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும். பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள்.

எப்படி ஓடுகிறது?

இரகசியம் தண்டவாளத்தில் இருக்கிறது. சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். அதை ஒரு பெட்டி 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்து இரண்டு ஒயர்கள் வரும். ஒன்று இடது தண்டவாளத்துக்கு, மற்றது வலது தண்டவாளத்துக்கு. என்ஜின் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடும் போது மின்சாரம் சக்கரம் வழியாக ஏறி, உள்ளே இருக்கும் சிறிய மோட்டாரைச் சுழற்றுகிறது. பெட்டியில் உள்ள குமிழைத் திருகினால் வேகம் கூடும். ஒயர்களின் மின்சாரத்தை இடம் மாற்றினால் என்ஜின் பின்னால் போகும்.

12 வோல்ட் ஆளை அடிக்காது. ஆனால் மின்சாரத்தைக் குறைக்கும் அந்தப் பெட்டியை வீட்டில் நீங்களே செய்து பார்க்காதீர்கள். கடையில் வாங்குங்கள்.

இந்த ரெயிலுக்குப் பெரிய எதிரி தூசி. தண்டவாளத்தில் தூசி படிந்தால் சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாது. வண்டி விக்கி விக்கி நிற்கும். ஆடிக் காற்றில் கம்பம் பள்ளத்தாக்கு என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கத்தில் குட்டி ரெயில் வைப்பவர் ஜன்னலைச் சாத்த வேண்டும். தினமும் தண்டவாளத்தைத் துணியால் துடைக்க வேண்டும்.

மேஜைக்குள் 90 கிலோமீட்டர்

குட்டி ரெயில்களில் பல அளவுகள் உண்டு. அதிகம் பேர் வைத்திருப்பது, உண்மையான ரெயிலில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி உயர ஆள் இந்த அளவில் 2 சென்டிமீட்டர் கூட இருக்கமாட்டார்!

மதுரை-போடி பாதை முழுவதையும் இந்த அளவில் போட்டால் எவ்வளவு நீளம் வரும்? ஒரு கிலோமீட்டருக்கு மேல்! வீட்டுக்குள் அடங்காது, தெருவுக்குப் போய்விடும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் ஒரே ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்கிறார்கள். போடி ஸ்டேஷன் அதற்கு மிகவும் ஏற்றது. பாதை அங்கே முடிந்துவிடுகிறது அல்லவா? வந்து நிற்கும் வண்டியில் இருந்து என்ஜினைக் கழற்ற வேண்டும். பக்கத்துப் பாதை வழியாக அதைச் சுற்றிக்கொண்டு வந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். அப்புறம்தான் வண்டி மதுரைக்குத் திரும்பும். வட்டத்தில் சுற்றும் ரெயில் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். இந்த வேலை சலிக்காது. என்ஜினும் மூன்று பெட்டிகளும் ஒரு மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். மேஜை போதும்.

இங்கே ஒரு வேடிக்கை. நமது அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். 87-ல் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீட்டர். அதனால் குட்டி அகல ரெயில்கள் பெரும்பாலும் குறுகிய பாதையில்தான் ஓடுகின்றன. உடம்பு பெரிது, கால் சிறிது!

போடி வண்டிக்கு அந்தக் குறை இல்லை. ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரெயில்கள் பலவும் மீட்டர் கேஜ்தான். அவற்றின் குட்டி வண்டிகளுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்து விற்கிறார்கள். நம் வண்டி அதில் அச்சாகப் பொருந்தும். சுவிஸ் தண்டவாளத்தில் போடி ரெயில்!

தண்டவாளம் கிடைத்தாலும் வண்டியை நாமேதான் செய்ய வேண்டும். வெளிநாட்டு என்ஜினின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே அட்டையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ கூடு கட்டுவது வழக்கம். நல்ல என்ஜின் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆகையால் முதலில் ஊரைக் கட்டுங்கள், வண்டி பிறகு வரட்டும் என்பது என் யோசனை.

எந்த வருஷத்து வண்டி என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கடைசிக் காலத்து வண்டி என்றால் ஒய்.டி.எம்.4 என்னும் டீசல் என்ஜின், நீலநிறப் பெட்டிகள். அதற்கு முந்திய காலம் என்றால் பெட்டிகள் கருஞ்சிவப்பு. இன்னும் முன்னே போனால் நீராவி என்ஜின், கரிப்புகை. பார்த்து அளவெடுக்க வேண்டுமா? மீட்டர் கேஜ் பாதையில் தமிழ்நாட்டில் இன்றும் ஓடுவது மேட்டுப்பாளையம்-ஊட்டி மலை ரெயில். சென்னை ஐ.சி.எப். பக்கத்தில் உள்ள ரெயில் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் நிற்கின்றன. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் கூட ஒரு ஓரத்தில் ரெயில் பெட்டி இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

ரவை வேண்டாம்!

தண்டவாளத்தின் கீழே கொட்டும் ஜல்லிக்கு ரவை அளவில் சரியாக இருக்கிறது. ஆசையாகக் கொட்டினேன். மறுநாள் காலையில் என் ரெயில் பாதையில் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன! இப்போது மணலைச் சலித்துப் போடுகிறேன். மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றினால் புல். பழைய பஞ்சைக் கிள்ளி வைத்தால் தேயிலைச் செடி. போடியின் பெருமை ஏலக்காய் ஆயிற்றே என்று நாலு காய்களைச் சரக்கு வண்டியில் வைத்துப் பார்த்தேன். இந்த அளவில் ஒரு ஏலக்காய், ஏழு வயதுப் பையன் உயரம் வருகிறது. எடுத்துவிட்டேன்.

மலைக்கு நிஜக் கதை ஒன்றே இருக்கிறது. மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளை வைத்து வண்டி இழுத்தார்கள். 1908-ல் அதை இரண்டடி அகலப் பாதையாக்கி நீராவி என்ஜின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு சாலை வழியாகப் போடிக்கு வரும். 1924-ம் ஆண்டு வெள்ளம் அந்த ரெயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. மேஜைக்குப் பின்னால் அட்டை மலை நிறுத்தி, தையல் நூலில் தீக்குச்சிப் பெட்டிகளைத் தொங்கவிட்டால் அந்தக் கயிற்றுப் பாதையும் வந்துவிடும். அதை என் மகன் தனக்கு என்று எடுத்துக்கொண்டான்.

என் மேஜையில் இப்போது பிளாட்பாரமும் பாதையும் இருக்கின்றன. என்ஜின் இன்னும் வாங்கவில்லை. மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 9 அடி, மேஜையில் 3 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு தீப்பெட்டி ஏறக்குறைய அந்த அகலம்தான் இருக்கிறது. மூன்று தீப்பெட்டிகளை நூலால் கோத்து, என் மகன் ராத்திரி வண்டியை மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.