காய்ந்த பிரெட்டின் தாகம்

நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்து. அன்றைய பெருமையெல்லாம் முழுசாக வறுத்த வான்கோழிக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் மறுபடி ஒரு கரண்டி என்று பலரும் தட்டை நீட்டுவது, பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கும் ஸ்டஃபிங்குக்காகத்தான். பிரெட் துண்டுகள், வெண்ணெய், வெங்காயம், செலரித் தண்டு, சேஜ், தைம் போன்ற மூலிகைகள், கோழி எலும்புச் சாறு, இரண்டு முட்டை. இவற்றைக் கலந்து ஓவனில் வைத்து எடுப்பதுதான் ஸ்டஃபிங். விலையுயர்ந்த பொருள் என்று இதில் ஒன்றுமே கிடையாது.

இரண்டு நாள் முன்பே பல வீடுகளில் வேலை தொடங்கிவிடும். பிரெட்டை ஓர் அங்குலத் துண்டுகளாக்கித் தட்டில் பரப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவைப்பார்கள். ஸ்டஃபிங்குக்குப் பழைய பிரெட்தான் லாயக்கு என்பது அங்கே பாட்டிமார் சொல்லிக்கொடுத்த பாடம். பாடத்தின் பலன் சரி, காரணம்தான் கொஞ்சம் பிசகு. பிரெட் பழசாவது வேறு, காய்வது வேறு.

இந்த வேறுபாட்டை முதலில் சோதித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேளாண் வேதியியலாளர் பூசங்கோ. 1852இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடி வைத்த பிரெட்டும் பழசாகி விறைக்கிறது. விறைத்த பிரெட்டை ஓவனில் சூடாக்கினால், இன்னும் கொஞ்சம் ஈரத்தை இழந்த பிறகும், அது மறுபடி மெத்தென்று ஆகிறது. ஈரம் போனதால்தான் பிரெட் கெட்டியாகிறது என்றால், மேலும் ஈரம் போகும்போது அது எப்படி மிருதுவாகும்? நியாயமான கேள்வி. விடை தெளிவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி மாவுச்சத்தின் அமைப்பைப் பார்க்கும் வசதி வந்த பிறகு, டச்சு விஞ்ஞானி காட்ஸ் அதைக் கண்டு சொன்னார். பழைய பிரெட்டுக்குள் மாவுச்சத்து படிகமாகிக் கிடந்தது.

நடப்பது இதுதான். கோதுமை மாவில் உள்ள மாவுச்சத்துத் துகள்கள் ஓவன் சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. அவற்றுக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த மூலக்கூறுச் சங்கிலிகள் குலைந்து தளர்கின்றன. புது பிரெட்டின் மிருது இந்தக் குலைவிலிருந்து வருவது. ஆறத் தொடங்கியதும் சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று தேடி அடுக்கிக்கொள்கின்றன. நேரான சங்கிலியான அமைலோஸ் சில மணி நேரத்திலேயே அடுக்கிக்கொண்டுவிடும். கிளை விட்ட அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெதுவாக அடுக்கிக்கொள்ளும். இப்படி உருவாகும் படிகங்கள் பிரெட்டுக்குள் இருந்த தண்ணீரில் ஒரு பங்கைத் தமக்குள் பூட்டி வைத்துக்கொள்கின்றன. தண்ணீர் எங்கும் போகவில்லை. நம் நாக்குக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கினால் அமைலோபெக்டின் படிகங்கள் உருகி, பூட்டிய தண்ணீர் விடுபடும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்து, ஆவி காட்டியதும் மறுபடி பூப்போல ஆவதும் இதே கணக்குதான். படிகமாவது மிக வேகமாக நடப்பதும் ஃபிரிட்ஜின் குளிரில்தான். பிரெட்டை அங்கே வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும், ஆனால் வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் பழசாகும்.

இப்போது ஸ்டஃபிங்குக்கு வருவோம். கடையில் வாங்கும் பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 450 கிராம் பிரெட் என்றால் சுமார் 160 கிராம் தண்ணீர். பையில் மூடியே வைத்துப் பழசாக்கிய பிரெட்டில் அந்த 160 கிராமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதன் மேல் சாறை ஊற்றி ஓவனில் வைத்தால், சூட்டில் படிகம் உருகும், பூட்டியிருந்த தண்ணீரும் வெளியே வரும், ஊற்றிய சாறும் சேரும். கிடைப்பது களி. பிரெட்டுக்குள் சுவையான சாறு ஏற வேண்டுமென்றால், சுவையில்லாத பழைய தண்ணீர் முதலில் வெளியேறியாக வேண்டும். ஸ்டஃபிங் செய்முறையின் சூட்சுமம் மொத்தமும் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது என்று சொல்வேன். மற்றதெல்லாம் வாசனைச் சமாசாரம்.

ஆகவே இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 120 டிகிரி ஓவனில், துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு, ஒரு மணி நேரம் போல வைத்தால் போதும். துண்டின் நிறம் மாறக் கூடாது. ஒன்றை எடுத்து மேசையில் தட்டினால் கட்டையைத் தட்டிய சத்தம் வர வேண்டும். உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதியும் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். இந்த நிலையில் காற்றறைகளின் சுவர்கள், அதாவது குளூட்டன் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த மெல்லிய சவ்வுகள், இயற்பியலார் ‘கண்ணாடி நிலை’ என்று சொல்லும் இறுக்கத்துக்கு வந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தச் சுவர் தளர்ந்து சாறைக் குடிக்கும். ஆனாலும் ஓட்டைகளின் வடிவம் உடனே இடிந்துபோகாது. நுண்துளை வழியே சாறு தானாக ஏறுவதற்கு அந்த ஓட்டைகள்தான் பாதை.

ஓட்டையின் அமைப்பும் துண்டின் அளவும் எவ்வளவு முக்கியம் என்பதைக் கண்டுபிடித்து ஒரு பெரிய வியாபாரத்துக்கே வழிவகுத்தவர் ரூத் சீம்ஸ். ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் மனையியல் வல்லுநராக வேலை பார்த்தவர். வான்கோழியும் வேண்டாம், ஓவனும் வேண்டாம், வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் ஸ்டஃபிங் தயாராக வேண்டும் என்பது நிறுவனத்தின் ஆசை. பிரெட் தூள் ரொம்பப் பொடியாக இருந்தால் வெந்நீர் பட்டதும் குழைந்து பசையாகிறது. பெரிதாக இருந்தால் நடுவில் நனையாமல் நிற்கிறது. சீம்ஸ் குழு இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான அளவையும், அதற்கேற்ற காற்றறை அமைப்பையும் பிடித்தது. ஸ்டவ் டாப் ஸ்டஃபிங் 1972இல் கடைக்கு வந்தது, 1975இல் காப்புரிமை கிடைத்தது. வீட்டில் செய்பவருக்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. பஞ்சுபோன்ற மலிவு சாண்ட்விச் பிரெட்டின் காற்றறைச் சுவர்கள் மிக மெல்லியவை, எவ்வளவுதான் காயவைத்தாலும் சீக்கிரம் சரிந்துவிடும். கொஞ்சம் கனமான, கெட்டியான நாட்டு பிரெட்டுதான் தாங்கும்.

வாசனைச் சமாசாரம் என்று மேலே லேசாகச் சொல்லிவிட்டேன், அது அவ்வளவு லேசானதில்லை. சேஜ் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் படர்ந்த பச்சை, மேலெல்லாம் வெல்வெட் போன்ற ரோமம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ரோமங்களுக்கு நடுவே பளபளவென்று குட்டிக் கொப்புளங்கள் தெரியும். இலையின் மணம் முழுக்க அந்தக் கொப்புளங்களுக்குள் இருக்கும் எண்ணெயில்தான். துளசியும் புதினாவும் இதே குடும்பத்துச் செடிகள்தான். மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட வெயிலில் வளர்ந்த சேஜ், தைம், ரோஸ்மேரி மூன்றும் இந்த எண்ணெயைச் சேமித்தது நமக்காக அல்ல, பூச்சியையும் கிருமியையும் விரட்டத்தான். சேஜில் தூஜோன், கற்பூரம், சினியோல் ஆகியவை உண்டு. தைமில் இருப்பது தைமால். தைமை முகர்ந்ததே இல்லையென்றால் ஓமத்தைக் கசக்கி முகர்ந்தால் போதும், பாதி தெரிந்துவிடும். அதிலும் மணப்பது அதே தைமால்தான்.

இந்த எண்ணெய்கள் தண்ணீரில் அதிகம் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். நறுக்கிய இலையை நேராகச் சாறில் போட்டால் அங்கங்கே மட்டும் மணக்கும். சூட்டில் ஆவியாகி வீட்டுக்கு வெளியேயும் போகும். அதையே உருகிய வெண்ணெயில் போட்டு ஒரு நிமிடம் வதக்கினால் மணம் வெண்ணெய்க்குள் இறங்கிவிடும். வெண்ணெய் ஒவ்வொரு பிரெட் துண்டின் மேலும் பூசிக்கொள்வதால் ஒவ்வொரு வாயிலும் ஒரே சீராக வாசனை வரும். பார்ஸ்லி மட்டும் இதற்கு விலக்கு. அதன் பசுமை மணம் சூட்டில் நிற்காது, கடைசியில்தான் தூவ வேண்டும். 1867இல் பாஸ்டனில் வில்லியம் பெல் என்பவர் ரோஸ்மேரி, சேஜ், மார்ஜோரம், தைம், இஞ்சி, மிளகு போன்றவற்றைப் பொடித்துக் கலந்து விற்கத் தொடங்கினார். அந்தப் பொடி இன்றும் கிடைக்கிறது. காய்ந்த சேஜின் மணம் பச்சை இலையைவிடக் கடுமை, கை தவறினால் ஸ்டஃபிங்கில் மருந்து வாடை அடிக்கும்.

இலைக்கு முன்பே வெண்ணெயில் விழுவது வெங்காயமும் செலரியும். நறுக்கிய வெங்காயத்தை நிதானமாக வேகவிடும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களில் ஒன்றுக்கு இறைச்சிச் சாறின் மணம் உண்டு. செலரிக்கு அதன் தனி மணத்தைத் தரும் தாலைடு என்ற சேர்மங்கள், தாம் அடங்கியிருந்து கோழிச்சாறின் சுவையைத் தூக்கிவிடும் தன்மை உள்ளவை. இறைச்சியே போடாத ஸ்டஃபிங்கிலும் இறைச்சிச் சாயல் வருவது இந்த இரண்டு காய்களின் கைங்கரியம்.

சாறு ஊற்றுவதில் அவசரம் கூடாது. காயவைத்த பிரெட்டில் முதலில் பாதியை ஊற்றிப் புரட்டிவிட்டு, பத்து நிமிடம் விட்டு, ஒரு துண்டை அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கி மெல்ல எழுந்தால் சரி. நடுவில் நறுக்கென்று தட்டுப்பட்டால் இன்னும் குடிக்கும். பாத்திரத்தின் அடியில் சாறு தேங்கினால் போதும், நிறுத்திவிடலாம். 450 கிராம் பிரெட்டுக்கு 600 மில்லிக்குக் கிட்டத்தட்டப் பிடிக்கும். இழந்த தண்ணீரைப் போல மூன்று நான்கு மடங்கு!

இவ்வளவு சாறும் வெளியே ஒழுகாமல் நிற்பதற்கு முட்டை துணை செய்கிறது. வெறும் முட்டை 65, 70 டிகிரியில் இறுகிவிடும். சாறில் கலந்து நீர்த்த முட்டைக்கு இன்னும் சூடு வேண்டும், கிட்டத்தட்ட 80 டிகிரி. அப்போது அதன் புரதங்கள் வலைபோலப் பின்னிக்கொண்டு சாறைப் பிடித்துவைக்கின்றன. பிரெட் புட்டிங்கில் நடப்பதும் இதேதான், இங்கே சர்க்கரை மட்டும் இல்லை. ஓவனில் முதலில் அலுமினியத் தாளால் மூடி வேகவிட்டு, பிறகு திறந்து வைப்பதற்கும் காரணம் தண்ணீர்தான். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றி 140ஐ நெருங்கும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பொன்னிறமும் வறுத்த மணமும் தரும் வினை வேகமெடுக்கும். 1912இல் அதை விவரித்த லூயி கமீல் மயாரின் பெயரால் அது மயார் வினை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம் என்ற இரண்டும் ஒரே தட்டில் கிடைப்பது இதனால்தான்.

தட்டில் வைப்பதா, பறவையின் வயிற்றில் வைப்பதா என்பது அமெரிக்கக் குடும்பங்களில் ஓயாத வழக்கு. வயிற்றில் அடைப்பது பழைய வழி, ரோமானியச் சமையல் நூலான அபிசியஸிலேயே அதற்குக் குறிப்புகள் உண்டு. தேங்க்ஸ்கிவிங்கைத் தேசிய விடுமுறையாக்கப் பல ஆண்டுகள் போராடிய எழுத்தாளர் சாரா ஜோசஃபா ஹேல், 1827இல் வந்த ‘நார்த்வுட்’ நாவலில் மணக்க மணக்க ஸ்டஃபிங் அடைத்த வான்கோழியை விருந்தின் தலைமை இடத்தில் வைத்தார். 1863இல் அதிபர் லிங்கன் தேங்க்ஸ்கிவிங் அறிவிப்பு வெளியிட்டதில் ஹேலின் பங்கு பெரிது. பறவையின் சாறும் கொழுப்பும் சொட்டுச் சொட்டாக பிரெட்டில் இறங்குவது தனிச்சுவைதான், மறுக்கவில்லை.

ஆனால் வெப்பத்தின் கணக்கு வேறு. ஓவனின் சூடு முதலில் தோலையும் கறியையும் எலும்பையும் கடந்துதான் வயிற்றுக்குள் போக வேண்டும். உள்ளே இருப்பதோ காற்றறைகள் நிறைந்த பிரெட். சூடு அதில் ஆமை வேகத்தில்தான் நகரும். எல்லாவற்றிலும் கடைசியாகச் சூடாகும் இடம் ஸ்டஃபிங்கின் நடுப்பகுதி. அங்கேதான் பச்சைக் கறியின் சாறும் சொட்டியிருக்கிறது, அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். எனவே நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அது 74ஐத் தொடும் நேரத்தில் மார்புக் கறி அதைத் தாண்டி வெகுதூரம் போய்ச் சக்கையாகியிருக்கும். என் ஓட்டு தட்டுக்கே. வயிற்றில்தான் வைப்பேன் என்பவர்கள் ஓவனில் ஏற்றுவதற்குச் சற்று முன்பாக, நெருக்கி அடைக்காமல், ஈரமாகவே வைப்பது நல்லது. உலர்ந்த கலவையைவிட ஈரக் கலவையில் சூடு கிருமிகளைச் சீக்கிரம் கொல்லும்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இதையே மக்காச்சோள பிரெட்டில் செய்வார்கள். மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது, அந்த பிரெட் எளிதில் உதிரும். அதனால் அங்கே முட்டைக்கு வேலை அதிகம்.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் வான்கோழிக் கறியைச் சூடாக்கும்போது ஒரு பழைய எண்ணெய் வாடை வருவதுண்டு. மாட்டுக் கொழுப்பைவிட வான்கோழிக் கொழுப்பில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். சமைத்தபோது தசைப் புரதத்திலிருந்து விடுபட்ட இரும்பு, அவை ஆக்சிஜனோடு சேர்வதைத் துரிதப்படுத்துகிறது. அந்த வினையைத் தடுக்கும் கார்னோசிக் அமிலம் ரோஸ்மேரியிலும் சேஜிலும் இருக்கிறது. இதற்காகவே ரோஸ்மேரிச் சாறை இறைச்சி ஆலைகள் பதப்படுத்தும் பொருளாகச் சேர்க்கின்றன. ஐரோப்பாவில் விற்கும் பாக்கெட்டுகளில் அதை இ392 என்ற எண்ணில் பார்க்கலாம்.